ஏராளமான வெப்பம், போதாத சூடு: டேட்டா சென்டரிலிருந்து வீட்டு ரேடியேட்டர் வரை

ஒரு டம்ளர் கொதிநீர். பக்கத்தில் ஓர் அண்டா நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். வெப்ப ஆற்றலை அளந்தால் அண்டாவில் இருப்பது பல மடங்கு அதிகம். ஆனால் டீ போட டம்ளர்தான் உதவும். அண்டாத் தண்ணீரில் தூளைப் போட்டால் சாயம்கூட இறங்காது. டேட்டா சென்டர்களில் இருக்கும் சர்வர்கள், அதாவது இடைவிடாமல் ஓடும் கணினிகள், வெளித்தள்ளும் கழிவு வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்கலாம் என்ற பேச்சில் அடிக்கடி தொலைந்துபோவது இந்த வித்தியாசம்தான். எத்தனை மெகாவாட் வீணாகிறது என்று செய்திகளில் வரும். எத்தனை டிகிரியில் வீணாகிறது என்பது வராது. திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது அந்த இரண்டாவது எண்ணை.

இந்தக் கட்டுரை முழுக்க வெப்பம் என்றால் அளவு, சூடு என்றால் டிகிரி.

மின்சாரம் எங்கே போகிறது?

500 வாட் இழுக்கும் சர்வர் 500 வாட் வெப்பத்தை வெளியே விடும். ஏறக்குறைய ஒரு வாட்கூடக் குறையாது. கணக்குப் போடுவதற்கென்று ஆற்றல் தனியாகச் 'செலவாகி' மறைந்துவிடுவதில்லை. சிப்புக்குள் நுழைந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடான காற்றாகவோ சூடான தண்ணீராகவோ வெளியே வருகிறது. 10 கிலோவாட் இழுக்கும் ரேக் (சர்வர்களை அடுக்கிவைக்கும் அலமாரி) ஒன்று, 2 கிலோவாட் கீசர் ஐந்தை இரவு பகலாக, வருடம் முழுக்க ஓடவிட்டதற்குச் சமம். செயற்கை நுண்ணறிவுக்கென வந்திருக்கும் என்விடியா ஜிபி200 வகை ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. அறுபது கீசர்.

அத்தனை வெப்பமும் எந்தச் சூட்டில் வருகிறது? சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. சர்வரைக் கடக்கும்போது காற்று 10 முதல் 15 டிகிரி ஏறும். ஆக, முதுகுப்பக்கம் வரும் காற்று பெரும்பாலும் 35 முதல் 40 டிகிரி. சித்திரை மாதத்து மதியக் காற்று, அவ்வளவுதான்.

யாருக்கு வேண்டும் இந்த வெப்பம்?

வட ஐரோப்பிய நகரங்களில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் தனித்தனி ஹீட்டர் கிடையாது. ஊருக்கே பொதுவான வெந்நீர்க் குழாய்வலை தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது. டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் என்பார்கள். ஆலையில் 70, 80 டிகிரிக்கு, கடும் குளிரில் அதற்கும் மேலே, சூடாக்கிய தண்ணீர் ஒரு குழாயில் வீட்டுக்கு வரும். வீட்டின் அடித்தளத்தில் உள்ள வெப்பமாற்றி அதிலிருந்து வெப்பத்தை எடுத்து, சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கும் குளியலறைக்கும் கொடுக்கும். ஆறிய தண்ணீர், 40 டிகிரி போல, இன்னொரு குழாயில் ஆலைக்குத் திரும்பும். டென்மார்க்கிலோ ஸ்வீடனிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இது மாதாமாதம் பில் வரும் விஷயம்.

இந்தக் குழாய்வலை ஏற்கெனவே இருக்கும் ஊரில்தான் டேட்டா சென்டர் வெப்பம் எளிதில் விலை போகும். வலை இல்லாத ஊரில் தெருவைத் தோண்டிப் புதிதாகப் பதிக்க வேண்டும். பணத்தின் பெரும்பகுதி அந்தத் தோண்டலிலேயே போய்விடும். ஃபின்லாந்தும் டென்மார்க்கும் முன்னால் நிற்பதற்குக் காரணம், அவர்களிடம் பல பத்தாண்டுகளாகக் குழாய் இருந்தது.

சென்னையில் இது உதவுமா என்ற கேள்வி எழும். வீடு சூடாக்க, இல்லை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன, வெப்பம் வாங்க ஆள் இல்லை. அதே வெப்பத்தால் குளிரூட்டலாமே என்றால், வெந்நீரில் ஓடும் அப்சார்ப்ஷன் சில்லர் என்ற குளிரூட்டும் யந்திரங்களுக்குச் சாதாரணமாக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். மறுபடியும் அண்டா, டம்ளர்.

ஓடென்ஸ் நகரத்தின் வழி

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் ஃபேஸ்புக் நிறுவனம், இன்றைய மெட்டா, 2019இல் திறந்த டேட்டா சென்டர்தான் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். சர்வர்களின் சூடான காற்று தண்ணீர் ஓடும் காயில்கள் மீது வீசுகிறது. தண்ணீர் சுமார் 27 டிகிரிக்குச் சூடாகிறது. அந்தத் தண்ணீர் பக்கத்தில் ஃபியர்ன்வார்மே ஃபியூன் என்ற ஊர் வெப்ப நிறுவனத்தின் ஹீட் பம்ப் நிலையத்துக்குப் போகிறது. அங்கே அதன் வெப்பம் 70 முதல் 75 டிகிரிச் சூட்டுக்கு உயர்ந்து ஊர்க் குழாயில் சேர்கிறது. தொடக்கத்தில் வருடத்துக்கு 1 லட்சம் மெகாவாட் மணி, 6,900 வீடுகள் என்று திட்டம். பிறகு 1 லட்சத்து 65 ஆயிரம் மெகாவாட் மணி, 11,000 வீடுகள் என்று விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது.

வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. முதல் இழப்பு ரேக்கிலேயே. ரேக்குகளின் முகங்கள் எதிரெதிரே இருக்கும் சந்தில் குளிர்காற்று, முதுகுகள் எதிரெதிரே இருக்கும் சந்தில் சூடான காற்று. இரண்டும் கலக்காமல் இருக்க நடுவே தடுப்பும் மேலே கூரையும் போடுவார்கள். ரேக்கில் சர்வர் இல்லாத காலி இடங்களை பிளாங்கிங் பேனல் என்ற சின்னத் தகடு மூடும். விலை அற்பம். சர்வரைக் கழற்றிய ஆள் அதைத் திரும்ப மாட்டாமல் போய்விடுவதுதான் வழக்கம். அந்த ஓட்டைகள் வழியே 24 டிகிரி குளிர்காற்று பின்பக்கம் போய் 38 டிகிரி காற்றோடு கலக்கும். சரிபாதி கலந்தால் 31. மொத்த வெப்பம் ஒரு வாட்கூடக் குறையவில்லை, ஆனால் 7 டிகிரி போய்விட்டது. கலந்ததை மீண்டும் பிரிக்க வழியில்லை. போன டிகிரிகளை ஹீட் பம்ப் மின்சாரத்தால்தான் மீட்க வேண்டும். கழிவு வெப்பத் திட்டத்தின் முதல் வேலை, பம்ப் வாங்குவதற்கு முன், ஒரு டார்ச் லைட்டோடு ரேக் ரேக்காக நடப்பது.

அடுத்தது காயில். காற்றிலிருந்து தண்ணீருக்கு ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 1 மெகாவாட் வெப்பத்தை 12 டிகிரி வித்தியாசத்தில் காற்றால் சுமக்க வினாடிக்கு சுமார் 70 கன மீட்டர் காற்று வேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறை ஒன்றின் மொத்தக் காற்று, ஒவ்வொரு வினாடியும். அதே வெப்பத்தை 10 டிகிரி வித்தியாசத்தில் தண்ணீர் சுமந்தால் வினாடிக்கு 24 லிட்டர் போதும். ஏறக்குறைய இரண்டு குடம். காற்றைத் தெருத் தாண்டிக் கொண்டுபோக முடியாது, தண்ணீரை முடியும்.

மூன்றாவது, தகடு வெப்பமாற்றி. நெளிநெளியான மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி இறுக்கியது. ஒரு தகட்டின் இந்தப் பக்கம் டேட்டா சென்டர் தண்ணீர், அந்தப் பக்கம் வெப்ப நிறுவனத்தின் தண்ணீர். இரண்டும் தொடாது. தொடக் கூடாது என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது: ஒரு பக்கம் உறையாமலிருக்க கிளைக்கால் கலந்திருக்கலாம், மறுபக்கம் அழுத்தம் அதிகம், இரண்டுக்கும் உரிமையாளர் வேறு. கசிந்தால் யார் பொறுப்பு என்ற கோடும் இந்தத் தகட்டின் மீதுதான் போகிறது. நல்ல மாற்றி 1 முதல் 3 டிகிரி வரை விழுங்கும். உள்ளே வண்டலோ பாசியோ படிந்தால் இன்னும் கூடுதலாக விழுங்கும். முன்னால் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி போட்டு, அதன் இரு பக்க அழுத்தத்தையும் அளந்துகொண்டே இருந்தால் அடைப்பு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஹீட் பம்ப்: டிகிரிக்கு விலை

ஃபிரிட்ஜின் பின்பக்கம் தொட்டால் சுடும். உள்ளே இருக்கும் காய்கறியிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் எடுத்த மின்சாரமும் சேர்ந்து அங்கே வருகின்றன. ஹீட் பம்ப் அதே யந்திரம், ஒரு கட்டடம் அளவுக்கு. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் திரவம், பெரும்பாலும் அம்மோனியா அல்லது வேறொரு குளிர்பதனப் பொருள், 27 டிகிரித் தண்ணீரிலிருந்து வெப்பம் வாங்கி ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தும், அழுத்தினால் சூடேறும். சூடான ஆவி ஊர்த் தண்ணீரிடம் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகும். ஒரு வால்வு வழியே அழுத்தம் இறங்கித் திரும்ப முதல் இடத்துக்கு.

கம்ப்ரசர் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது, எங்கிருந்து எங்கே ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. இயற்கை விதிக்கும் எல்லை எளிய வகுத்தல்: சேர வேண்டிய சூட்டை கெல்வினில் (டிகிரியோடு 273 கூட்டினால் கெல்வின்) எழுதி, ஏற்ற வேண்டிய டிகிரியால் வகுக்கவும். 25இலிருந்து 75க்கு என்றால் 348ஐ 50ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7. உண்மையான யந்திரம் அதில் பாதி போலத் தரும்; 3.5 என்று வைப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம். டேட்டா சென்டர் தரும் 1 மெகாவாட்டை ஊருக்கு அனுப்ப 0.4 மெகாவாட் மின்சாரம் செலவாகி, ஊருக்கு 1.4 மெகாவாட் கிடைக்கும்.

தொடக்கம் 45 டிகிரியாக இருந்தால்? 348ஐ 30ஆல் வகுக்க 11.6, பாதி 5.8. அதே 1 மெகாவாட்டுக்கு இப்போது சுமார் 0.21 மெகாவாட் மின்சாரம் போதும். மின்செலவு பாதியாகிவிட்டது. மாட்ட மறந்த அந்த பிளாங்கிங் பேனல் இப்போது அற்பமாகத் தெரியாது. கழிவு வெப்பம் 'இலவசம்' என்று எழுதுகிறவர்கள் இந்த மின் பில்லைப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

ஹீட் பம்ப் தேவையில்லாத இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் நகரப் பொது நீச்சல் குளத்தில் 2023இல் டீப் கிரீன் என்ற நிறுவனம் துணி துவைக்கும் யந்திரம் அளவுள்ள ஒரு சின்ன டேட்டா சென்டரை வைத்தது. சர்வர்கள் கனிம எண்ணெயில் மூழ்கியிருக்கும்; எண்ணெயின் வெப்பம் மாற்றி வழியே குளத்துக்குப் போகும். குளத்துக்கு வேண்டியது 30 டிகிரிதான். அண்டாத் தண்ணீருக்கு ஏற்ற வேலை. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்குக்கும் அருகிலிருந்த ஈக்வினிக்ஸ் நிறுவன டேட்டா சென்டரிலிருந்து வெப்பம் போனது.

இன்னொரு வழி, மூலத்திலேயே சூட்டைக் கூட்டுவது. காற்றுக்குப் பதில் சிப்பின் மீதே ஒரு செம்புத் தகட்டை வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிடுவது. சிப் 80 டிகிரியில்கூட ஓடும், அதனால் 40, 45 டிகிரித் தண்ணீரே அதற்குக் 'குளிர்நீர்'. ஐபிஎம்மும் சூரிச்சின் ஈ.டி.எச் பல்கலைக்கழகமும் 2010இல் அக்வாசார் என்ற கணினியை 60 டிகிரித் தண்ணீரால் குளிர்வித்துக் காட்டின. 2012இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் சூப்பர்மக் என்ற மீக்கணினி வெந்நீரில் ஓடத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு ரேக்குகளைக் காற்றால் குளிர்விக்க முடியாத நிலை வந்ததால் இந்த முறை இப்போது பரவுகிறது. கழிவு வெப்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, ஒரு எச்சரிக்கையோடு: மெமரி, மின்வழங்கி போன்றவை பல வடிவமைப்புகளில் இன்னும் காற்றை நம்பியிருப்பதால் வெப்பத்தின் ஒரு பகுதி பழையபடி குறைந்த சூட்டிலேயே வரும்.

குழாயில் எங்கே சேர்ப்பது?

இது புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத இடம். ஊர்வலையில் போகும் குழாய், திரும்பும் குழாய் என இரண்டு உண்டு. திரும்பும் தண்ணீர் 40 டிகிரி. அதை 50ஆக்கித் திரும்பும் குழாயிலேயே விட்டுவிட்டால் ஹீட் பம்புக்கு வேலை குறைவு, மின்சாரம் மிச்சம். டேட்டா சென்டருக்கு இது பிடிக்கும். ஆனால் ஆலைக்குத் திரும்பும் தண்ணீர் சூடாக இருந்தால் அங்கே புகையிலிருந்து வெப்பம் மீட்கும் கண்டென்சர் சரியாக வேலை செய்யாது. ஒரு பக்கம் சேர்த்ததை மறுபக்கம் இழப்பார்கள். அதனால் வெப்ப நிறுவனங்கள் பொதுவாகத் திரும்பும் குழாயிலிருந்து எடுத்து, முழுச் சூட்டுக்கு ஏற்றி, போகும் குழாயில் சேர்க்கச் சொல்லும். ஸ்டாக்ஹோமில் 2014இல் தொடங்கிய திறந்த வெப்பச் சந்தையில் வெளியே எவ்வளவு குளிரோ அதற்கேற்ப வெப்பத்தின் விலையும் மாறும். ஜனவரி வெப்பத்துக்கு நல்ல விலை. ஜூலை வெப்பத்தைச் சும்மா கொடுத்தாலும் யோசிப்பார்கள்.

'இத்தனை ஆயிரம் வீடுகள்' என்ற தலைப்புகளையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். அது வெறும் வகுத்தல். ஓடென்ஸ் எண்ணையே எடுத்தால், 1 லட்சத்து 65 ஆயிரத்தை 11,000ஆல் வகுக்க வீட்டுக்கு வருடம் 15 மெகாவாட் மணி. சராசரி 1.7 கிலோவாட். ஆனால் வீடு சராசரியில் வாழ்வதில்லை. உறைகுளிர் இரவில் அந்த வீட்டுக்குச் சராசரியின் மூன்று மடங்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மேலே ஹீட் பம்ப் கணக்கில் கிடைத்த 1.4 மெகாவாட்டால் அந்த இரவில் முழுசாகத் தாங்க முடிவது 270 வீடுகள் போல. வருடக் கணக்கு 800க்கு மேல் காட்டும். கோடையில் குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் தேவை, அந்த இடத்தையும் ஸ்காண்டிநேவிய ஊர்களில் குப்பை எரிக்கும் ஆலை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். குப்பையை வருடம் முழுக்க எரித்தாக வேண்டுமே.

கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கலாம். டென்மார்க்கின் வோயன்ஸ் ஊரில் சூரிய வெப்பத்துக்காக 2 லட்சம் கன மீட்டர் குழி வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் நிரப்பி, மிதக்கும் மூடி போட்டிருக்கிறார்கள். அதே உத்தி இதற்கும் பொருந்தும், இடம் இருந்தால்.

எங்கே இடறும்

ஹீட் பம்ப் நின்றுபோனால் சர்வர் காத்திருக்காது. அடர்த்தியான அறையில் குளிரூட்டல் நின்ற சில நிமிடங்களிலேயே சூடு எல்லை தாண்டும். எனவே கூரையில் இருக்கும் பழைய சில்லர்களையோ வெளிக்காற்றால் குளிர்விக்கும் டிரை கூலர்களையோ ஒன்றைக்கூடக் கழற்ற முடியாது; முழுத் திறனோடு தயாராக நிற்க வேண்டும். வெப்பத்தை விற்கிறோம் என்பதால் குளிரூட்டும் கருவிக்கான முதலீடு மிச்சமாகாது. வெப்பம் ஊருக்கா, கூரைக்கா என்று திருப்பிவிடும் மும்முனை வால்வுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த வால்வு, திரும்ப வேண்டிய நாளில் சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

புதிய டேட்டா சென்டரில் சர்வர்கள் ஒரே நாளில் நிரம்புவதில்லை. முழு மெகாவாட்டை எதிர்பார்த்துப் பெரிய கம்ப்ரசர் வாங்கினால், முதல் வருடம் பத்தில் ஒரு பங்கு சுமையில் அது நின்று நின்று ஓடும். அடிக்கடி தொடங்கி நிற்பதைப் போலக் கம்ப்ரசரைக் கெடுப்பது வேறில்லை. சிறிய யந்திரங்கள் பலவாக வைத்து, சுமை ஏற ஏற ஒவ்வொன்றாக ஓட்டுவது நல்லது.

வீட்டுப் பக்கமும் கெடுக்கும். ரேடியேட்டர் வால்வு தேவைக்கு மேல் திறந்திருந்தால் தண்ணீர் வேகமாக ஓடி, ஆறாமலே 60 டிகிரியில் திரும்பிவிடும். ஊர் முழுக்க இப்படித் திரும்பினால் ஹீட் பம்பின் வேலை கடினமாகும். டென்மார்க்கில் பல வெப்ப நிறுவனங்கள் தண்ணீரைச் சரியாக ஆறவிடாத வீட்டுக்குக் கூடுதல் கட்டணம் போடுகின்றன, நன்றாக ஆறவிடும் வீட்டுக்குத் தள்ளுபடி தருகின்றன.

சட்டமும் இப்போது உள்ளே வந்திருக்கிறது. ஜெர்மனியில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன் சட்டம், 2026 ஜூலை முதல் தொடங்கும் டேட்டா சென்டர்கள் ஆற்றலில் 10 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்குத் தர வேண்டும் என்றும், 2027 ஜூலை முதல் தொடங்குபவை 15, 2028 ஜூலை முதல் தொடங்குபவை 20 சதவீதம் என்றும் எழுதியது. வெப்பம் வாங்க அருகில் ஆள் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. விலக்கு இருப்பது நியாயம்தான். 35 டிகிரிக் காற்றை வயல் நடுவே யார் வாங்குவார்கள்?

டேட்டா சென்டர் போய்விட்டால் என்ன ஆகும்?

தெருவுக்கு அடியில் பதிக்கும் குழாய், எஃகுக் குழாயைச் சுற்றி ஃபோம், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, நாற்பது வருடம்கூட உழைக்கும். சர்வர்கள் ஐந்தாறு வருடத்தில் மாறும். வாடகைதாரர் காலி செய்தால் வெப்பமும் காலி. இந்த இரண்டு காலங்களையும் ஒப்பந்தத்தில் இணைப்பதுதான் பேச்சுவார்த்தையில் நீண்ட பகுதி.

ஃபின்லாந்தின் மான்ட்சாலா ஊர் இதை நேரில் பார்த்தது. ஹெல்சிங்கிக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள இந்தச் சிறிய ஊருக்கு, ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸின் டேட்டா சென்டர் சுமார் பத்து வருடங்களுக்கு முன் வெப்பம் தரத் தொடங்கி, ஊரின் தேவையில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த டேட்டா சென்டருக்கு மின்சாரம் விற்பது நின்றது. டீசல் ஜெனரேட்டரில் ஓட வேண்டிய நிலை வந்தது. நேட்டோவிலோ ரஷ்யாவிலோ எதுவும் சொல்ல முடியாத ஓர் ஊரின் ரேடியேட்டர், அந்த அரசியலோடு ஒரு குழாயால் கட்டப்பட்டிருந்தது. பின்னர் யாண்டெக்ஸின் ரஷ்யப் பகுதி பிரிக்கப்பட்டு, 2024இல் அந்த இடம் நெபியஸ் என்ற நிறுவனத்தின் பெயருக்கு மாறியது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இப்போது இரண்டு எண்களை முதலில் கேட்கிறார்கள்: டேட்டா சென்டர் இல்லாமல் ஊரின் சொந்த பாய்லர்கள் மட்டும் உச்சக் குளிரில் எத்தனை மெகாவாட் தரும், அவற்றை ஓடவைக்க எத்தனை மணி நேரம் ஆகும்.